காலை வெயில் டூட்டி

நூற்பாலையில் முப்பத்தொரு வருஷம் இரவு ஷிப்ட் பார்த்தவருக்கு ராக்கோழி என்று பெயர் விழுந்ததில் வியப்பில்லை. சூரியனும் அவரும் நேருக்கு நேர் பார்த்தது கல்யாணத்தன்று ஒரே ஒரு தரம். அன்றும் கொட்டாவி விட்டது சூரியன் இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் உடம்பு ஷிப்டை விடவில்லை. நடுநிசியில் அவர் வயிறு பசித்துப் போடும் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை பூட்டைச் சரிபார்த்திருக்கிறார்.

பிறகு வலது கை நடுங்க ஆரம்பித்தது. கால் நின்ற இடத்தில் ஆணி அடித்தாற்போல் நின்றது. பார்க்கின்சன் என்றார் டாக்டரம்மா. மாடி அறை இனி கிடையாது, கட்டில் கீழே வரும் என்றான் மகன்.

"கட்டில் மேலதான் இருக்கும். பதினாலு படியையும் யார் கையும் பிடிக்காம ஏறிக் காட்டுறேன். ரெண்டு மாசம் குடு."

"ஏறலேன்னா?"

"கட்டிலோட என்னையும் சேத்து இறக்கிடு."

டாக்டரம்மா வழி சொன்னார். "ஐயா, இந்த நோய் உடம்புக்குள்ள இருக்கிற கடிகாரத்தையும் கெடுக்கும். அது கெட்டா தூக்கம் கெடும். தூக்கம் கெட்டா கை கால் இன்னும் அடம் பிடிக்கும். எது முதல்லன்னு ஆராய்ச்சிக்காரங்களே மல்லுக்கட்டிட்டு இருக்காங்க. காலை ஆறரைக்கு வெளிச்சத்துல நடங்க. மாத்திரை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் தினமும் ஒரே நேரம்."

"நோய் போயிடுமா?"

"போகாது. உங்ககிட்ட கொஞ்சம் மரியாதையா நடந்துக்கும்."

மூன்று வாரம் ஆறரைக்கு டாண் என்று வாசலில் நின்றார் ராக்கோழி. காலோ, யாரும் கை பிடிக்காவிட்டால் மூன்றாம் படியைத் தாண்டவில்லை. மனைவிக்குச் சந்தேகம் தட்டியது.

"உண்மையைச் சொல்லுங்க, எத்தனை மணிக்கு எந்திரிக்கிறீங்க?"

"தூங்கினாத்தானே எந்திரிக்க? டூட்டி தவறக்கூடாதுன்னு ராத்திரி பூரா முழிச்சிருக்கேன்."

"நல்லா இருக்கு! நைட் ஷிப்ட் முடிச்சு வெயில்ல ஓவர்டைமா?"

அன்று முதல் அந்த அம்மாதான் சூப்பர்வைசர். பகல் தூக்கத்துக்காக ஜன்னலில் அடித்திருந்த கறுப்புத் துணியைப் பிடுங்கினார். பகலில் கண் சொருகினால் பட்டாணி உரிக்கச் சொன்னார். பத்து நாள் ராக்கோழி தூக்கத்திலேயே உரித்ததில் பட்டாணி குப்பைக்கும் தோல் குழம்புக்கும் போயின. வீடே அதைத்தான் சாப்பிட்டது. பதினோராம் நாள், இரவு பத்து மணிக்கு, அவர் தூங்கினார்.

தவணை நாள் வந்தது. எட்டுப் படி ஏறினார். ஒன்பதாவதில் கால் உறைந்தது. மகன் கையை நீட்டினான்.

"தொட்டே, தொலைச்சிடுவேன்!"

சுவரைப் பிடித்து அங்கேயே உட்கார்ந்தார். "இறங்கவும் மாட்டேன்."

பதினோரு மணி மாத்திரையையும் தண்ணீரையும் மனைவி அவர் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கினார். முக்கால் மணி நேரம் வீடே கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றது. விழுங்கிய மாத்திரை வேலை செய்ததும் அவர் எழுந்தார். "ஒண்ணு, ரெண்டு" என்று தனக்குத்தானே அதட்டிக்கொண்டு மிச்சப் படிகளையும் ஏறி முடித்தார்.

"நடுவுல உக்காந்தது செல்லாதுப்பா!"

"ஷிப்டுன்னா இடைவேளை உண்டுடா."

மறுநொடி மேலே கட்டில் கிறீச்சிட்டது.

"பகல்ல படுத்தீங்க, நானே அதை இறக்கிடுவேன்!" என்றார் சூப்பர்வைசர்.

கட்டில் மறுபடி கிறீச்சிட்டது. ராக்கோழி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.