மூன்றாவது கேசட்

சின்ன வீடியோ கேசட்தான் ஜெயிக்கும் என்று கடைக்காரர் நாலு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். பெரிய கேசட் ஊரையே வளைத்துப்போட்ட பிறகும் மனிதர் மசியவில்லை. வாடகைக்கு விட அவர் அலமாரியில் அடுக்கியிருந்த எண்ணூறு படமும் சின்னதுதான். பெரிய வீடியோ பெட்டியில் சின்னது நுழையாது, சின்னதில் பெரியது நுழையாது. ஜனங்கள் எந்தப் பெட்டியை வாங்குகிறார்களோ, அதற்குரிய கடைதான் பிழைக்கும்.

"ரெண்டையும் வைங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்பாள் மனைவி.

"மங்கலாத் தெரியுற கருமத்தை என் கடையில வைக்க மாட்டேன்."

அந்தக் கருமத்தை வைத்துக் கொழித்தவர் வேறு யாருமல்ல, அவளுடைய அண்ணன்தான். "அங்க ஈ ஓட்டிக்கிட்டு இருக்கறதுக்கு என் கடையில வந்து உட்காருங்க மாப்ளே" என்று நல்ல மனசோடுதான் கூப்பிட்டார். அன்றிலிருந்து கடைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மச்சான் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பெரிய கேசட்டை எடுத்து நீட்டுவதை நினைத்தாலே அவமானமாக இருந்தது.

கடைசியாக ஒரே ஒரு வழி தெரிந்தது. பக்கத்து அடுக்குமாடியில் நாற்பது வீடு. எல்லோரும் ஒரே மாதிரிப் பெட்டி வாங்கினால் கேசட்டை வீட்டுக்கு வீடு மாற்றிப் பார்க்கலாம் என்று அவர்கள் சங்கம் பேசி வைத்திருந்தது. எந்தப் பெட்டி என்பதுதான் முடிவாகவில்லை. கடைக்காரர் செயலாளர் காலில் விழாத குறை.

"சார், ஒரே படத்தை ரெண்டுலயும் பக்கத்துல பக்கத்துல ஓட்டிக் காட்டறேன். உங்க கண்ணாலயே பார்த்துச் சொல்லுங்க."

போட்டிக்கு வேண்டிய பெரிய பெட்டியை மச்சானிடமே போய் இரவல் வாங்கினார். வெட்கப்படக்கூட அவருக்கு நேரமில்லை. டேப்பை வேகமாக ஓடவிட்டுப் பதிந்தால் படம் இன்னும் துல்லியமாக விழும், ஆனால் டேப் சீக்கிரம் தீர்ந்துவிடும். தீரட்டுமே என்று அதிவேகத்தில் புதிதாகப் பதிந்தார். இரண்டு கேசட்டில் அடங்கவேண்டிய படம் மூன்றாகிவிட்டது; பெரியதிலோ முழுப் படமும் ஒரே கேசட்டில் அடங்கிவிடும். மாற்றிப்போடப் பத்து விநாடி என்று கடிகாரம் வைத்துப் பழகினார். பதினைந்து தடவை ஓட்டிப் பார்த்தார். சட்டைப் பொத்தானில் உள்ள நூல், மழைத்துளி, படத்தில் வரும் தாயின் நரைமுடி எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. கதை எங்கே போகிறது என்று மட்டும் அந்தப் புண்ணியவான் ஒருதரம்கூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சங்கத்தின் கூடத்தில் நாற்பது குடும்பமும் கூடிவிட்டது. படம் ஓடத் தொடங்கியதும் மொத்தக் கூட்டமும் சின்னதின் பக்கம் சாய்ந்தது.

"அம்மாடி, முடி ஒவ்வொண்ணாத் தெரியுதே!" என்றாள் ஒருத்தி.

முதல் கேசட் ஒரு பாட்டின் நடுவே தீர்ந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. செயலாளர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். கடைக்காரர் நாலு வருஷத்தில் முதல்முறையாக நிம்மதியாக மூச்சுவிட்டார்.

படத்தில் இருபது வருஷமாக மகனைத் தேடிய தாய், சிறைவாசலில் மழையில் நின்றாள். கதவு திறந்தது. தாய் முகத்தை நிமிர்த்தினாள். அந்த நேரம் பார்த்து இரண்டாவது கேசட் தீர்ந்து, திரை கறுத்தது.

"ஐயோ!" என்று கூடமே அலறியது.

"இதோ, பத்தே விநாடி!" அவசரத்தில் கைதவறி மூன்றாவது கேசட் தரையில் விழுந்தது. குனிந்து எடுப்பதற்குள் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. "அந்தப் பெட்டியில சத்தத்தைக் கூட்டுங்கப்பா" என்றார் யாரோ. கேசட்டைச் செருகி, பொத்தானை அமுக்கி, படத்தில் விழுந்த கோடுகளைச் சரிசெய்து அவர் நிமிர்ந்தபோது திரை கண்ணாடி போல் பளிச்சென்றிருந்தது. எதிரில் ஒருவரும் இல்லை. எல்லோரும் நாற்காலியை மச்சான் பெட்டியின் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்கள்; முதுகுதான் தெரிந்தது.

ஓடிப்போய்ச் செயலாளரின் தோளைத் தொட்டார். "சார், இப்ப வந்து பாருங்க சார். எவ்வளவு சுத்தமா இருக்கு!"

"கொஞ்சம் இருங்க, முடியட்டும்" என்றார் செயலாளர், திரும்பாமலே.

போக இடமில்லாமல் அவரும் அங்கேயே நின்றார். மச்சான் பெட்டியில் படம் சகிக்கவில்லை. தாயின் பொட்டுச் சிவப்பு நெற்றியெல்லாம் கசிந்திருந்தது, கண் இருக்கும் இடத்தில் ஒரு கறுப்புத் தீற்றல். அந்த மங்கலுக்குள்ளிருந்து அவள், "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டாள். முன்வரிசையில் யாரோ விசும்பினார்கள். கடைக்காரர் பல்லைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. சொல்லப்போனால் அந்தப் படத்தை அவர் பார்ப்பதே இப்போதுதான். கண்ணீர் தாடைவரை வழிந்தது.

மனைவி பக்கத்தில் வந்து நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். பழிக்கத்தான் வாயெடுத்தாள். ஆனால், "அண்ணன்கிட்ட நான் பேசட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சரியென்று தலையசைத்தார்.