பை எந்தப் பக்கம்

ராயபுரத்தில் தேவாலயத்தை ஒட்டிய மாடி ஹாலில் மாதம் ஒரு ஞாயிறு அவர்கள் கூடுவார்கள். குடல் ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றில் துவாரம் வைத்து, அதன்மேல் மலப்பை ஒட்டிக்கொண்டு வாழ்கிறவர்கள். ஐரீனும் போனாள். வாய் கூசாமல் தனக்கும் பை இருக்கிறது என்றாள்.

இருப்பது அவள் கணவர் கஸ்பாருக்கு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஊரையே அதட்டிய மனுஷன், ஆபரேஷன் ஆனதிலிருந்து வாசற்படி தாண்டவில்லை. நாற்றம் வரும் என்று தோஸ்துகளைக்கூட உள்ளே விடுவதில்லை. மீன் நாற்றத்தில் மிதக்கிற ஏரியாவில் இவர் நாற்றம்தான் யாருக்குத் தெரியப்போகிறது! சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

அவரை இழுத்துவர முடியாததால் அவருடைய ஆபரேஷனைத் தனக்கு நடந்ததாகச் சொல்லி, எல்லாவற்றையும் தன் பெயரிலேயே கேட்டாள். ஓரம் கசிந்தால் என்ன செய்வது, தோல் சிவந்தால் என்ன பூசுவது. கூட்டத்தை நடத்தும் மலர்க்கொடிக்கும் பல வருஷமாகப் பைதான். பொறுமையாகச் சொல்லிவிட்டு, "உனுக்கு எந்தப் பக்கம்க்கா?" என்றாள்.

ஐரீன் சட்டென்று வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"நீ சொன்ன ஆபரேஷனுக்கு எடது பக்கம்தான வெப்பாங்க?" மலர்க்கொடி சிரித்தாள். "எதிர்ல குந்திகினு மாத்திவுடுறவளுக்குத்தான் அது வலதாத் தெரியும். வூட்டுக்காரருக்கா?"

ஐரீன் உடைந்து அழுதுவிட்டாள். "அவரு தொடவே மாட்டாரு. நான் மாத்துறப்போ கண்ண மூடிக்குவாரு."

"நீ மாத்துற வரிக்கும் அவரு வெளிய வரமாட்டாருக்கா. வழில அவுந்துகினா இன்னா பண்றதுன்னு பயம். கை பழகிட்சின்னா பயம் பூடும்."

பாசம் என்று நினைத்துச் செய்ததே அவரைக் கட்டிப்போட்டதா?

மறுநாள் காலை வெந்நீர், துணி, புதுப் பை எல்லாவற்றையும் கஸ்பார் முன்னால் வைத்து, "இன்னிக்கு நீயே மாத்து" என்றாள். அவர் வீடு அதிரக் கத்தினார். அவள் அசையவில்லை. உதவத் துடித்த கையை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். முதல் பை கோணலாக ஒட்டி வீணானது. இரண்டாவது நின்றது. வேர்த்து வழிய, அவர் தன் வயிற்றைக் கண் திறந்து பார்த்தார்.

"யாரு சொல்லிக்குடுத்தா உனுக்கு?"

ஐரீன் கூட்டத்தில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டதையும் சேர்த்துச் சொன்னாள்.

"அத்தினி பேர் முன்னால உனுக்குப் பைன்னா சொன்னே?"

"ஆமா. இன்னா இப்போ?"

கஸ்பார் கொடியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டினார்.

"உனுக்குப் பொய் சொல்ல வர்ல மே. அடுத்த தபா நானே வர்றேன்."