ஒரு தாய்ப்பூச்சியின் வம்சம்

வாலிகண்டபுரத்துக் கலியம்மாளின் தட்டைப்பயறுக் கொல்லையில்தான் ஷைமா அந்த அசுவினிகளைப் பிடித்தாள். 2004 கார்த்திகை. லப்பைக்குடிக்காட்டுப் பெண்ணான அவள் திருச்சியில் பூச்சி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கடுகளவுக் கறுப்புப் பூச்சிகள் கொழுந்தெல்லாம் அப்பிக் கிடந்தன.

"அசுவினிக்குள்ள குளவி முட்டை வுட்டுக் கொன்னுபுடும்னு ஆபீசர் சொன்னாரு. இங்க குளவிதான் ஏமாந்து போவுது. ஏன்னு பாரு கண்ணு," என்றாள் கலியம்மாள்.

ஷைமா ஒரே ஒரு தாய்ப்பூச்சியைக் கொண்டுபோய்ப் பெருக்கினாள். ஆண் துணையின்றிக் குட்டி போடும் இனம். அத்தனையும் தாயின் அச்சு. உடம்புக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா இவற்றைக் காப்பாற்றுவதாக அவள் எழுதியதைப் பேராசிரியர் தர்மராஜ் பாராட்டினார்.

2006 கோடையில் எல்லாம் தலைகீழானது. சோதனைக்காகக் குளவியை விட்ட பெட்டியில் அசுவினிகள் குளவிப் புழுவுக்கு இரையாகி, உப்பி வெறுங்கூடாயின. பாக்டீரியா மட்டும் உள்ளே அப்படியே இருந்தது.

"வேற பூச்சி கலந்துடுச்சு. ஒழுங்கா மூடி வைக்கலை நீ. ரெண்டு வருஷ வேலை போச்சு," என்றார் தர்மராஜ்.

துபாயிலிருந்த தகப்பனிடம் போனில் அழுதாள். "படிப்ப விட்டுடட்டுமா அத்தா?"

"நீ மூடி வச்சியா, இல்லியா?"

"வச்சேன்."

"அப்பறம் ஏன் அழுவுற? அத அவருக்குக் காட்டு."

அந்தப் பாக்டீரியாவுக்குள்ளேயே ஒரு வைரஸ் வாழும் என்று எங்கோ படித்திருந்தாள். பகையாக நுழைந்து, காலப்போக்கில் கூட்டாளியாகிப்போன வைரஸ். குளவிப் புழுவைக் கொல்லும் விஷம் அதனுடையதாக இருந்தால்? கெடாமலிருக்க எரிசாராயக் குப்பியில் போட்டு வைத்த முதல் வருஷப் பூச்சிகளை எடுத்து, இப்போதைய பூச்சிகளோடு ஒப்பிட்டுச் சோதித்தாள். மரபணுவில் தாய் வழி அடையாளம் இரண்டு வருஷத்துப் பூச்சிகளுக்கும் ஒன்றே. பாக்டீரியாவும் இரண்டிலும் உண்டு. வைரஸ் மட்டும் பழையதில் இருந்தது, புதியதில் இல்லை.

தர்மராஜ் முடிவுகளை மூன்று முறை பார்த்தார். "எதுவும் கலக்கலை. வைரஸ் கழண்டுக்கிச்சு. உன்னைப் பேசினது தப்பும்மா." திட்டு வாங்கியபோது அவர் முன்னால் அடக்கிவைத்திருந்த கண்ணீர் அப்போதுதான் வந்தது.

மறுவாரம் வாலிகண்டபுரம் போய்ச் சொன்னாள்.

"என் கொல்லையில அது எப்ப கழலும்?" என்றாள் கலியம்மாள்.

"இங்க கழலாதுக்கா. வைரஸ் இல்லாத பூச்சியக் குளவி தின்னுடும், இருக்கறதுதான் பொழைக்கும். எங்க வளர்ப்புப் பெட்டியில குளவி பயமே இல்ல. அதான் அது போனது தெரியவே இல்ல."

"அப்ப என் பயறுக்கு என்ன வழி?"

"இன்னும் தெரியலக்கா." சொல்லவே சங்கடமாக இருந்தது.

கலியம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "நான் மக்காச்சோளத்துக்கு மாறிட்டேன். வூட்டுக்குன்னு சோளத்துக்கு நடுவுல ரெண்டு சால் பயறு கெடக்கு. வேணுங்கறதப் புடிச்சுக்க, போ."

ஷைமா தூரிகையும் குப்பியுமாகச் சோளத்துக்குள் இறங்கினாள்.