இடப்பக்கத்து ஸ்பீக்கர்

படம் நிற்கவில்லை, சத்தம் மட்டும் நின்றுபோனது. திரையில் ஒருவன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். ரகுபதி எழுந்து போய் ஷோகேஸின் கண்ணாடிக் கதவைத் திறந்தார். உள்ளே அடைந்து கிடந்த வெக்கை முகத்தில் அடித்தது. ரிசீவரின் தலையில் புறங்கையை வைத்தவர் வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார்.

"மறுபடியும் பூட்ச்சா?" உள்ளறையிலிருந்து மகள் கவிப்பிரியா கேட்டாள்.

"சூடாயிடுச்சு. ஆறட்டும்."

திரும்பி வந்து சோபாவின் வலது ஓரத்தில் உட்கார்ந்தார். இடது ஓரம் காலியாக இருந்தது. அது சரோஜாவின் இடம். பென்னலூரில் இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை மாலையானால் காலை மடக்கிக்கொண்டு அங்கே வந்து உட்கார்ந்துவிடுவாள். படம் முடிகிறவரை வாய் ஓயாது. வில்லன் போட்டிருக்கும் சட்டையிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டைவரை எல்லாம் வரும். இப்போது படம் ஆரம்பித்தால் அவள் அடுப்படிக்குப் போய்விடுகிறாள். இல்லாவிட்டால் மாடிக்கு.

ரிசீவர்தான் காரணம் என்று ரகுபதி முடிவு கட்டியிருந்தார். ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. அதுவே அரைமணிக்கொரு தரம் மயங்கி விழுந்தால் யார்தான் வந்து உட்காருவார்கள்? நல்லதாக ஒன்று வாங்கிப் போட்டால் அவள் வந்துவிடுவாள். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லுகிற வழக்கமும் அவருக்கு இல்லை.

பழுது முதலில் தெரிந்தது இடப்பக்கத்து ஸ்பீக்கரில்தான். அதன் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. ரகுபதிக்குப் பழுது கண்டுபிடிக்கும் முறை தெரியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். வயரை மாற்றினார். இடப்பக்கம் அப்படியேதான் இருந்தது. வலது ஸ்பீக்கரை இடப்பக்கமும் இடதை வலப்பக்கமும் வைத்துப் பார்த்தார். அப்போதும் இடப்பக்கமே நைந்து கேட்டது. வயர் இல்லை, ஸ்பீக்கர் இல்லை என்றால் மிச்சம் பெட்டிதான். புதிது வாங்கும்வரை என்று செட்டிங்ஸில் இடப்பக்கத்துக்கு மட்டும் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றி வைத்தார். அதற்குப் பிறகுதான் பெட்டி கொதிக்க ஆரம்பித்தது.

ஆற்றுவதற்கும் என்னென்னவோ செய்து பார்த்தார். ஷோகேஸின் பின்பலகையில் ஓட்டை போட்டுக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சின்ன விசிறிகளைப் பொருத்தினார். சரோஜா ரிசீவருக்குத் தைத்துப் போட்டிருந்த உறையை உருவி எறிந்தார். ஃப்ரிட்ஜுக்கு ஒன்று, மிக்ஸிக்கு ஒன்று என்று அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் உறை உண்டு. தெருவில் போகும் லாரிகள் கிளப்பும் புழுதி சாயங்காலத்துக்குள் எல்லாவற்றின் மேலும் ஒரு பூச்சு பூசிவிடும்.

"சூடு போவும், தூசி உள்ள பூந்துக்கும். அப்ப இன்னா பண்ணுவீங்க?" என்று சரோஜா கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. அவளும் அதற்குமேல் கேட்கவில்லை.

வரவர அவள் எதையுமே அதிகம் கேட்பதில்லை. ரகுபதிக்கு அது பிடித்துத்தான் இருந்தது. நாள் முழுக்க பிரஸ் ஷாப்பின் இடியோசையில் நின்றுவிட்டு வருகிறவருக்கு வீட்டின் மௌனம் குளித்துவிட்டு வந்ததுபோல இருக்கும். இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்ததில் அவளும் தன்னைப்போல ஆகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தக் காலி இடம் உறுத்தியது.

வல்லம் வடகாலில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் டை செட்டர். டை என்பது தகட்டை அடித்து வடிவமாக்கும் இரும்பு அச்சு. அதைப் பிரஸ்ஸில் ஏற்றி, பிசகில்லாமல் உட்கார வைப்பது அவர் வேலை. காதுக்கு இரண்டு பக்கமும் அடைப்பான் போட்டாக வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். பழைய செட்டர்கள் எல்லாரும் சோதனை அடி அடிக்கும்போது பிரஸ் பக்கத்துக் காதிலிருந்து மட்டும் அதை உருவிவிடுவார்கள். டை சரியாக உட்கார்ந்தால் ஒரு சத்தம், சாய்ந்தால் ஒரு சத்தம். அதைக் கேட்காமல் செட் செய்கிறவனை அவர்கள் செட்டராகவே மதிப்பதில்லை.

திங்கட்கிழமை யாரோ தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் ரகுபதி திரும்பிப் பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்து இசக்கியப்பன், லைன் ஆபரேட்டர்.

"ஏண்ணே, எத்தன மட்டம் கூப்புடுதேன், கல்லு மாதிரி நிக்கியளே! செட்டர் ஆயிட்டா திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு சட்டமா?"

"பிரஸ் சத்தத்துல இன்னாடா கேக்கும்?"

"பிரஸ்ஸ நிப்பாட்டிக் கா மணிநேரம் ஆச்சுண்ணே." இசக்கியப்பன் சிரித்தான். "மனசெல்லாம் அந்த ரிசீவர் மேலதான். புதுசு வாங்கினா பழச எங்க ரூமுக்குத் தந்துருங்க. சூடானா என்ன, ஆளுக்கொரு கை விசிறிக்கிடுதோம்."

ரகுபதியும் சிரித்தார். அன்று ஷிப்ட் முடிந்ததும் நேராக ஸ்ரீபெரும்புதூர் கடைக்குப் போனார்.

கடைக்காரர் பாபு வாட் கணக்கையும் சேனல் கணக்கையும் அடுக்க ஆரம்பித்தார். அதையெல்லாம் ரகுபதி ஏற்கெனவே படித்து முடித்திருந்தார்.

"காலையிலேர்ந்து ஓடினு கீறது எது?"

"இது ரெண்டும்ண்ணா. கடை தொறந்ததுலேர்ந்து பாடுது."

ரகுபதி ஒன்றின்மேல் புறங்கையை வைத்தார். பிறகு மற்றதன்மேல். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"இன்னாண்ணா, டாக்டரு மாதிரி ஜுரம் பாக்குறே?"

"இது குட்த்துடு."

அது கனமான பெட்டி. வெயிலில் வைத்த செம்புத் தண்ணீர்போல வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். பாபு அதையே ஓடவிட்டுக் காட்டினார். அங்கேயும் இடப்பக்கம் சற்று மெலிந்துதான் கேட்டது. ஆனால் அந்தப் பக்கச் சுவரில் கனத்த திரைச்சீலை தொங்கியது. துணி சத்தத்தை உறிஞ்சிவிடும் என்று ரகுபதி எங்கோ படித்திருந்தார்.

"தலைக்கு மேல ஒரு ஜாண் காலியா வுடுண்ணா," என்றார் பாபு. "கண்ணாடி கதவு இருந்தா கழட்டிப் போட்டுடு. செட்டாப் பாக்ஸு கிட்டாப் பாக்ஸுன்னு எதையும் மேல ஏத்தாத. இதுவும் மனுசன் மாதிரிதான், மூச்சு வுடணும்."

ஞாயிற்றுக்கிழமை ரகுபதி ஷோகேஸைக் காலி செய்து, திறந்த இரும்பு ஸ்டாண்டில் ரிசீவரை வைத்தார். பெட்டியோடு ஒரு சின்ன மைக் வந்திருந்தது. உட்கார்ந்து கேட்கும் இடத்தில் காது உயரத்துக்கு அதை வைத்தால், ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒலி எழுப்பி அளந்து, தானே சரிசெய்துகொள்ளும். சோபாவின் வலது ஓரத்தில், தான் உட்காரும் இடத்தில், புத்தகங்களை அடுக்கி அவற்றின்மேல் மைக்கை நிறுத்தினார். அந்தப் பக்கமாகவே ஒட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"ஃபேனை நிறுத்து. மிக்ஸி போடாத. கொஞ்ச நேரம் யாரும் மூச் வுடக் கூடாது."

"எங்க வூட்ல இது புதுசாக்கும்," என்று சொல்லிக்கொண்டே சரோஜா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கவிப்பிரியா ஃபேனை நிறுத்திவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

கிணற்றில் கல் விழுந்த சத்தம் மேலே ஏறி வருவதுபோல ஓர் ஒலி, வலப்பக்கத்திலிருந்து. பிறகு நடுவிலிருந்து. பிறகு இடப்பக்கம். ரகுபதி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"பாத்தியா? இடது பக்கம் சரியா வரல."

"இன்னாப்பா வரல? எனக்குக் காதே கூசுது!"

திரையில் கணக்கு வந்தது. இடமும் வலமும் ஒரே அளவு. ரகுபதி மைக்கைத் துடைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டார். அதே அளவுதான்.

"அப்பா, ரெண்டு பக்கமும் ஒண்ணா கீதுன்னு அதுவே சொல்லுது. இன்னும் இன்னா வேணும் உனக்கு?"

"எனக்குக் கேக்கலையே."

கவிப்பிரியா அம்மாவைப் பார்த்தாள். சரோஜா தரையைப் பார்த்தாள். பிறகு சரோஜா, "துணி காஞ்சிருக்கும்," என்று மாடிக்குப் போனாள். கவிப்பிரியா தண்டலத்தில் தன்னோடு படிக்கும் தோழியைப் பார்க்க ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ரகுபதி ரிமோட்டைக் கையில் எடுத்தார். இடப்பக்கத்தை மறுபடி ஏற்றிவிடலாம். கட்டைவிரல் பொத்தான்மேல் போனது. அங்கேயே நின்றது.

வயரை மாற்றியாயிற்று. ஸ்பீக்கரை மாற்றியாயிற்று. இப்போது பெட்டியையும் மாற்றியாயிற்று. இவற்றில் இன்னும் மாற்றாதது எது என்று எந்தப் புதுப் பையனும் கேட்டிருப்பான்.

செய்தி வாசிக்கும் பெண்ணின் குரலை ஓடவிட்டு, ஒற்றை நாற்காலி ஒன்றை இழுத்து வந்து ஹாலின் நடுவில் போட்டார். டி.வி.யைப் பார்த்து உட்கார்ந்தார். இடப்பக்கத்து ஸ்பீக்கர் தேய்ந்து கேட்டது. எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, டி.வி.க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

இடப்பக்கத்து ஸ்பீக்கர் கணீரென்று கேட்டது. இப்போது தேய்ந்துபோயிருந்தது வலப்பக்கத்து ஸ்பீக்கர்.

இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை. அதற்குப் பிறகு திருப்பவில்லை. முன்னால் இருந்த வெற்றுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வருஷக்கணக்காக இடது காதின் அடைப்பானை உருவி உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட கை மடியில் கிடந்தது.

திடீரென்று சரோஜா எதிரில் நின்றாள். கையில் ஒரு சுமை துணி.

"இன்னாங்க, சுவத்தைப் பாத்துகினு உக்காந்து கீறீங்க?"

"எப்ப வந்தே?"

"வந்து ரெண்டு தபா கூப்ட்டேன்."

ரகுபதி இடது காதைத் தொட்டுக் காட்டினார். "இந்தப் பக்கம் நின்னா?"

சரோஜா தலையாட்டினாள். துணியைச் சோபாவில் போட்டுவிட்டு டி.வி.யை அணைத்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"மொதல்ல தெரில. கேட்டா பதில் சொல்லமாட்டீங்க. கோவமாக்கும்னு நெனச்சேன். எம்மேல இன்னா கோவம்னு நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். அப்புறம் எனக்கும் கோவம் வந்துச்சு. பேசறத வுட்டுட்டேன்." ஒரு சட்டையை எடுத்து மடித்தாள். "கவிதான் போன மாசம் சொன்னா, அப்பாக்கு அந்தக் காது கேக்கலியோன்னு. கம்பெனியில தெரிஞ்சா வேலைக்கு எதனா ஆவுமோன்னு சும்மா இருந்துட்டோம்."

"படம் பாக்கவும் அதான் வர்றதில்லியா?"

"அங்க உக்காந்தா அந்த ஸ்பீக்கரு எங்காதுகிட்டயே இடிக்குது. தலவலி வந்துடுது. சொன்னேனே."

"எப்ப சொன்னே?"

"அங்க உக்காந்துகினுதான்," என்று சரோஜா சோபாவின் இடது ஓரத்தைக் காட்டினாள்.

ரகுபதி அந்த ஓரத்தைப் பார்த்தார். அவருக்கு மௌனம் புதிதல்ல. ஆனால் இதுவரை வீட்டில் இருந்தது தன்னுடைய மௌனம் என்று நினைத்திருந்தார். அதில் அவள் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அந்தப் பக்கத்துலேர்ந்து வேற இன்னாலாம் சொன்னே?"

"அதெல்லாம் யாரு நெனப்பு வச்சுகினு கீறா?" சரோஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காஸ் புக் பண்ணியாச்சான்னு கேட்டிருப்பேன்."

"பண்ணல."

"தெரியும். நாந்தான் பண்ணேன்."

கவிப்பிரியா வந்து ஸ்கூட்டரை நிறுத்தியபோது ஹாலில் படம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் வாசலில் கேட்கவில்லை. உள்ளே அப்பா சோபாவின் இடது ஓரத்திலும் அம்மா அவருக்கு வலப்பக்கமும் இருந்தார்கள்.

"இன்னா, சீட்டு மாறிப்போச்சு?"

"நாளைக்குக் கம்பெனி டாக்டர்கிட்ட காதைக் காட்டப் போறேன்," என்றார் ரகுபதி.

"வேலைக்கு எதனா சொன்னா?"

"சொல்லட்டும்" என்பதுபோலக் கையை விரித்தார். கவிப்பிரியா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கீழே உட்கார்ந்தாள்.

இந்தக் குறைந்த சத்தத்தில் வசனம் பாதிதான் ரகுபதிக்குப் பிடிபட்டது. ஏற்றச் சொல்லி விரல் துடித்தது. ரிமோட் சரோஜாவின் மடியில் இருந்தது. இடைவேளையும் தாண்டிப் படம் போயிற்று. ரிசீவரைத் தொட்டுப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எழுந்திருக்கவில்லை. திரையில் மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தவன் என்னவோ சொல்ல, கூட்டம் மொத்தமும் திகைத்து நின்றது.

"அவன் இன்னா சொன்னான்?" என்று ரகுபதி கேட்டார்.

சரோஜா அவர் பக்கம் சாய்ந்தாள். "கல்யாணம் வேணாங்கறான்."

"ஏனாம்?"

"இருங்க, சொல்லுவான். சொன்னா சொல்றேன்."