ஐந்தேகால் சதவீதம்

இதனால் ஜுல்ஃபா வாழ் ஆர்மேனியப் பெருமக்கள் அனைவருக்கும் தெரிவிக்கப்படுவது என்னவென்றால், மானுக் என்பவரது கார் ஷெட்டில் தயாரான பீரின் ஆல்கஹால் அளவு, தீர விசாரித்ததில், சரியாக ஐந்தேகால் சதவீதம்.

மேற்படி பிரகடனத்தை மானுக்கின் பிறந்தநாள் விருந்தில் கரண்டியால் கிளாஸைத் தட்டி வெளியிட்டவன் எங்கள் நண்பன் அவெதிஸ். தேவாலயக் கமிட்டியின் முன்னாள் பொருளாளர். உப்பு வேண்டுமென்றாலும் எழுந்து நின்று தொண்டையைச் செருமித்தான் கேட்பான்.

அவன் சொன்னது பொய். அது எனக்கும் தெரியும், மானுக்கின் மனைவி அர்பெனிக்குக்கும் தெரியும். மானுக்குக்கு மட்டும் தெரியக்கூடாது.

மருந்துக்கடை வைத்திருந்த மானுக் பீர் போட ஆரம்பித்து நாற்பது வருடம். ஈஸ்ட் போடுவதற்கு முன் மால்ட் சாற்றில் கண்ணாடி மிதவையை விட்டு எண்ணைப் பார்ப்பான். சர்க்கரை அதிகமென்றால் மிதவை உயர்ந்து நிற்கும். ஈஸ்ட் அதைத் தின்று சாராயமாக்கிய பிறகு பார்த்தால் இறங்கியிருக்கும். எத்தனை இறங்கியதோ அதை எட்டால் வகுத்து, மேலே கொஞ்சம் போட்டுக்கொண்டால் சதவீதம். இந்தத் தடவை ஆரம்ப எண் ஐம்பது. அதை அவனே பார்த்து எங்களிடம் சொன்னான். ஈஸ்ட்டையும் போட்டான். அந்த வாரமே கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரிக்குப் போனான்.

ஈரல் போய்விட்டது, இனி ஒரு துளிகூடக் கூடாது என்று சொல்லி டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார்.

“என் கையால போட்ட கடைசி பீர்டா. பிறந்தநாளுக்கு ஒரு கிளாஸ். அதுக்கப்புறம் என்னை எங்க வேணும்னாலும் தூக்கிட்டுப் போங்க” என்றான் மானுக்.

அர்பெனிக் எங்களைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். “அவெதிஸ் அண்ணே, அதுல இருக்கிற விஷத்தை மட்டும் எப்படியாவது எடுத்துடுங்க. அவருக்குத் தெரியவேண்டாம்.”

அவெதிஸ் மிதவையைப் பார்த்தான். பத்து. நாற்பது இறங்கியிருக்கிறது, ஐந்தேகால். அந்த மட்டும் அவன் சொன்னது நிஜம்தான். அதன் பிறகு கல்யாணச் சூப் அண்டாவில் அத்தனை பீரையும் ஊற்றிக் கொதிக்க வைத்தோம். தண்ணீருக்கு முன்னால் சாராயம் ஆவியாகிவிடும். ஷெட் முழுக்க நனைந்த ரொட்டி வாசனை. குறைந்ததற்குத் தண்ணீர் சேர்த்து, நுரைக்காகச் சிட்டிகை சர்க்கரையும் துளி ஈஸ்ட்டும் போட்டுப் புட்டிகளில் அடைத்தோம். அவெதிஸ் ஒரு சாம்ராஜ்யத்தையே காப்பாற்றியவன் மாதிரி வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

விருந்தில் மானுக் கிளாஸை வாங்கினான். குடிக்கவில்லை. அர்பெனிக் ஆட்டுக்கறி எடுக்க உள்ளே போனதும் சட்டைப்பையிலிருந்து மிதவையை எடுத்தான்.

முள்கரண்டியால் கலக்கி நுரையை அடக்கினான். கூடவே கொண்டுவந்திருந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி மிதவையை விட்டான்.

“என்ன பொருளாளரே, நீ பாத்தப்ப மிதவை எத்தனைல நின்னுச்சு?”

“பத்து.”

“கண்ணாடி போட்டுட்டுத்தானே பாத்த?”

“ஏன், எனக்கென்ன கண்ணு பொட்டையா?”

“இங்க பதினேழு நிக்குது.”

“அது... பீர் ஜில்லுனு இருக்குல்ல, அதான்” என்றான் அவெதிஸ். முதல்முறையாக உட்கார்ந்துகொண்டு பேசினான்.

“ஈஸ்ட் தின்ன சர்க்கரை திரும்பி வருமாடா, மடையா? சாராயம் தண்ணியைவிட லேசு, அதை வெளியேத்தினாத்தான் இது ஏறும்.” மிதவையைத் துடைத்துப் பைக்குள் வைத்தான். சமையலறைப் பக்கம் பார்த்தான். “அவ சொன்னாளா?”

நாங்கள் இருவரும் தட்டைப் பார்த்தோம்.

அர்பெனிக் கறியோடு வந்தாள். மானுக் கிளாஸை உயர்த்தினான்.

“அவெதிஸுக்குக் கணக்கு வரலை, அர்பெனிக். ஐம்பதுல பதினேழு போனா முப்பத்துமூணு. நாலு புள்ளி மூணு சதவீதம். இருந்தாலும் மோசமில்ல, தலைக்கு ஏறும்!”

கணக்கு சரிதான். சாராயம் பறந்துபோனது அந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது.

ஒரே மூச்சில் குடித்தான். கொஞ்ச நேரத்தில் நாக்குக் குழறியது. அவெதிஸை “பிஷப்பே” என்று கூப்பிட்டு, கையை முத்தமிட்டு ஆசி கேட்டான். கல்யாணப் பாட்டை ராகம் கெட்டுப் பாடினான். அர்பெனிக்கின் இடுப்பைப் பிடித்து ஆட எழுந்து, நாற்காலியில் இடித்துக்கொண்டான்.

“உட்காருங்க, மனுஷா! ஒரு கிளாஸுக்கே இந்தக் கூத்தா?” என்று அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். ஏமாற்றிவிட்டோம் என்ற நிம்மதி அவள் முகத்தில் இருந்தது. அவள் தோளுக்கு மேலாக மானுக் எங்களைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஒரு பொட்டுப் போதை இல்லை.

திராட்சை பழுக்குமுன் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து சாப்பாட்டில் உட்கார்ந்தபோது அவெதிஸ் எழுந்தான். செருமினான். “அன்பர்களே! கடைசிவரைக்கும் ஒரு துளி சாராயம் நம்ம மானுக் உடம்புல சேராம நாங்க காத்தோம். பிறந்தநாள் அன்னைக்குக்கூட!” அண்டாவின் கதையை விலாவாரியாகச் சொன்னான். அர்பெனிக் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

எதிரே டாக்டர் சோறு மென்றுகொண்டிருந்தார்.

“அந்த நிலைமையில ஒரு கிளாஸ் குடிச்சிருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காதே. பிறந்தநாள்னு கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேன்” என்றார்.

அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.