மறிக்க நின்ற நாத்தனார்

மூடிக்கிடந்த தீப்பெட்டி ஆபீஸின் சிமெண்டுத் தரையில் சுண்ணாம்பால் முட்டை வடிவத்தில் ஒரு தடம் போட்டிருந்தார்கள். கோவில்பட்டியில் ஹாக்கி தெரியாத ஆள் கிடையாது. ரோலர் டெர்பி என்று சொன்னால் மட்டும் திருதிருவென்று முழிப்பார்கள். பெங்களூரில் வேலை பார்த்தபோது அதைக் கற்றுக்கொண்டு வந்த பூங்கொடி, புதிதாக வருகிற பெண்களுக்கு ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவாள்.

"பந்தும் கெடையாது, மட்டையும் கெடையாது. பக்கத்துக்கு அஞ்சு பேரு, எல்லார் கால்லயும் சக்கரம். ஹெல்மெட்டுல நட்சத்திரம் மாட்டுனவ ஜாமர். மத்த நாலு பேரும் எதிராளி ஜாமரை மறிக்கணும். அவ நாலு பேரையும் தாண்டி ஒரு சுத்து வந்து, மறுபடி எத்தனை பேரைத் தாண்டுதாளோ அத்தனை பாயிண்டு. ரெண்டு நிமிசம்தான். தோளால இடி, இடுப்பால இடி. கையால தள்ளுனாலும் முதுகுல இடிச்சாலும் வெளிய உக்கார வச்சிருவேன்."

இன்றைக்கு நட்சத்திரம் மாரிச்செல்விக்கு. அவளை மறிக்க நின்ற நாலு பேரில் ஒருத்தி அவள் நாத்தனார் உமாராணி. வினையே அதுதான்.

உமாராணி விளையாட வந்தவளே இல்லை, காவலுக்கு வந்தவள். மாரிச்செல்வியின் புருஷன் மாரிராஜ் சார்ஜாவில் இருந்தான். மருமகளைத் தனியாக டவுனுக்கு விட மாமியார் வெயிலம்மாளுக்கு மனசு வராது. மகளைத் துணைக்கு அனுப்பினாள். சும்மா உட்கார்ந்திருந்தவள் காலில், ஆள் குறைகிறது என்று பூங்கொடி சக்கரத்தை மாட்டிவிட்டாள்.

மகன் போனில் கெஞ்சிக் கூத்தாடிய பிறகு வெயிலம்மாள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். சென்னையில் நடக்கிற முகாமுக்குத் தேறினால் மருமகள் போகலாம், தேறாவிட்டால் அன்றோடு இந்தக் கூத்துக்கு முழுக்கு. அந்தத் தேர்வுதான் இன்றைக்கு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாரிச்செல்விக்கு அந்த வீட்டில் மூச்சு முட்டியது. கரிசல் காடு கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளியாகக் கிடந்து என்ன பிரயோசனம்? வாசலைத் தாண்டுவதற்குள் ஆயிரம் கேள்வி.

பூங்கொடி விசில் ஊதினாள். மாரிச்செல்வி போய் முட்டினாள். நாலு பேரும் இடைவெளியே இல்லாமல் ஒட்டி நின்றார்கள். வலது பக்கம் வழியில்லை. இடது பக்கம் பாய்ந்தாள், அங்கே உமாராணி. சக்கரம் உமாராணியின் காலில் தட்டியது. தட்டியதுதான் தாமதம், மாரிச்செல்வி தன்னை அறியாமல் குனிந்து நாத்தனாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கால் பட்டால் தொட்டுக் கும்பிடுவது பிறந்ததிலிருந்து வந்த பழக்கம், சக்கரம் மாட்டினால் மட்டும் விட்டுப்போகுமா? அவள் நிமிர்வதற்குள் எதிர் ஜாமர் ஒரு சுற்றே வந்துவிட்டாள்.

"ஏட்டி, கோயிலுக்கா வந்திருக்க?" என்று பூங்கொடி கத்தினாள். "கும்பிட்டது போதும். இன்னும் ஒரு தடவைதான். இதுலயும் தாண்டலேன்னா வேற ஆளப் பாக்கணும்."

மறுபடியும் விசில். மறுபடியும் அதே நாலு பேர். மாரிச்செல்விக்கு மேல்மூச்சு வாங்கியது. தோளோடு தோள் உரசி நின்றபோது உமாராணி முணுமுணுத்தது அவளுக்கு மட்டும் கேட்டது.

"நீ போயிட்டா அந்த வீட்ல நான் மட்டும் கெடக்கணும் மதினி. டவுனுக்கு வார சாக்கு எப்படியும் போயிரும், கூட நீயாவது இருக்கணும். விடமாட்டேன்."

காவல்காரி என்று மாரிச்செல்வி இத்தனை நாள் கரித்துக்கொட்டினாளே, அவளும் உள்ளே அடைபட்டவள்தான். பாவம் என்றது ஒரு மனசு. இப்போது விட்டால் ஜென்மத்துக்கும் கிடையாது என்றது இன்னொன்று. உடம்பைத் தாழ்த்தி, உமாராணியின் விலாவில் தோளைக் கொடுத்து ஓங்கி ஓர் இடி இடித்தாள்.

உமாராணி உருண்டு விழுந்தாள். மாரிச்செல்வி திரும்பிப் பார்க்கவில்லை. சுற்றி வந்து நாலு பேரையும் தாண்டிப் பாயிண்டு எடுத்தாள். சென்னைக்குப் போகிறவர்களைப் பூங்கொடி சொன்னபோது முதல் பெயர் அவளுடையது.

இரண்டு பேரும் பஸ் ஏறித் தங்கள் ஊரான எப்போதும்வென்றானுக்குத் திரும்பினார்கள்.

வெயிலம்மாள் முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். மருமகள் பக்கம் திரும்பவே இல்லை. அந்த வீட்டில் மருமகளைப் பற்றிய எந்தச் சேதிக்கும் மகள் சொல்தான் செல்லும்.

"என்னட்டி, தேறிட்டாளா?"

"இல்லம்மா" என்றாள் உமாராணி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப அந்தச் சக்கரச் சனியனத் தூக்கிப் பரண்ல போடு."

தான் வாயை மூடிக்கொண்டால் உமாராணி தப்பித்தாள். திறந்தால் தனக்கு விடுதலை. இரண்டு பேரும் தப்பிக்க ஒரு வழி இருக்கிறதா என்று மாரிச்செல்வி தேடிப் பார்த்தாள். இல்லை.

"நான் தேறிட்டேன் அத்தை. பூங்கொடிக்குப் போன் போட்டுக் கேளுங்க."

வெயிலம்மாள் கேட்டாள். போனை வைத்துவிட்டு எழுந்து வந்து மகள் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தாள்.

"பெத்தவகிட்டயே பொய்யா? எம் பிள்ளைகிட்ட குடுத்த வாக்க நான் மாத்த மாட்டேன், அவ போகட்டும். நீ இனி வாசப்படியத் தாண்டுன, காலை ஒடிச்சிருவேன்."

"உமாவும் நல்லா மறிக்கா அத்தை, அவளையும்..."

"நீ பேசாத."

சென்னைக்குக் கிளம்பிய காலையில் உமாராணிதான் பையைச் சுமந்துகொண்டு வந்தாள். வாசல் வந்ததும் படிக்கு உள்ளேயே நின்று பையை நீட்டினாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. இருந்திருந்தால்கூடத் தேவலை என்று பட்டது மாரிச்செல்விக்கு.

"அங்கன எவ மறிச்சாலும் பாவம் பாக்காத மதினி" என்றாள் உமாராணி. "என்னைய இடிச்ச மாதிரி இடிச்சுட்டுப் போயிரு."