பதினான்கு நிமிடம்

படகு எந்நேரமும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடியதால், இருந்த இரண்டு படுக்கைகளில் ஒன்றில்தான் உருளாமல் படுக்க முடிந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை காவல் மாறும். அவர் எழுந்தால் நான், நான் எழுந்தால் அவர். பத்தொன்பது நாளாக என் கணவர் விட்டுப்போன சூட்டில்தான் படுத்தேன். இதற்குப் பெயரும் தாம்பத்தியம்தான்.

முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கிப் பத்து வருடம் அதோடு மல்லுக்கட்டினார். சமுத்திரத்தை ஒரு தடவை தாண்டிவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. கிளம்பும்போது என் அக்கா படுக்கையில் இருந்தாள். அம்மா இல்லாத வீட்டில் எனக்குத் தலை வாரிவிட்டு வளர்த்தவள். "போயிட்டு வா. தினம் ஒரு வார்த்தை பேசு, போதும்" என்றாள்.

மூன்று நாள் பேசினேன், பேசிவிட்டு அழுதேன். நான்காம் நாள், சேட்டிலைட் போனில் தண்ணீர் புகுந்து செத்துப்போய்விட்டது என்று அவர் சொன்னார். நானும் நம்பினேன்.

இன்று மதியம் படுக்கையிலிருந்து எழுந்ததுமே, பேட்டரி இறங்கிவிட்டது என்று என்மேல் பாய்ந்தார்.

"ஃபேனைப் போட்டுட்டு உக்காந்திருந்தா எப்படித் தாங்கும்?"

"நான் ஃபேனே போடல. எழுதி வச்சிருப்பீங்கள்ல, பாத்துக்கலாம்."

அவர் மனிதர்களிடம் பொய் சொல்வார், பதிவுப் புத்தகத்தில் சொல்ல மாட்டார். காற்று, திசை, பேட்டரியில் எது எவ்வளவு நேரம் ஓடியது, எல்லாம் அவருடைய குண்டு எழுத்தில் இருக்கும். புத்தகத்தைப் புரட்டினேன். ஆறாம் நாள்: 'போன் – 14 நிமிடம்.'

செத்துப்போன போன்.

அவர் மேலே பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஸ்பேனர் பெட்டியின் அடியில், துண்டில் சுற்றி, நனையாமல் இருந்தது போன். மேலே எடுத்துப்போய் அவர் கண்ணெதிரிலேயே உயிர்ப்பித்தேன். அவர் கயிற்றை விடவில்லை.

ஆறாம் நாள், அக்கா மகள் அனுப்பியது: 'சித்தி, அம்மாவுக்கு ரொம்ப முடியல. உங்களத்தான் கேக்கறாங்க. திரும்பி வர முடியுமா? இல்லன்னா போனாவது பண்ணுங்க.'

அதன் கீழே, என் பெயரில், நான் எழுதாத பதில்: 'இப்போது திரும்ப முடியாது. போய்ச் சேர்ந்ததும் பேசுகிறேன்.'

இந்த ஒன்றரை வரிக்குப் பதினான்கு நிமிடம் யோசித்திருக்கிறார்.

"திரும்பணும்னா எதிர்க்காத்து. ஒரு வாரம் ஆகும்" என்றார். "நீ அழுதா நான் திருப்பித்தான் இருப்பேன். அதான் சொல்லல."

"பேச விட்டிருக்கலாமே."

"பேசினா அழுதிருப்ப."

போன் ஒரு முறை அதிர்ந்தது. இத்தனை நாள் வழியில் காத்திருந்த செய்தி. பதினாறாம் நாள் அனுப்பியது.

'அம்மா காலைல போயிட்டாங்க. நீங்க அனுப்பினத அன்னைக்கே படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் சொல்லல, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. அப்புறம் உங்களக் கேக்கவே இல்ல. இனிமே நீங்க வர வேண்டாம்.'

ஆறோடு ஏழு பதிமூன்று. பதினாறில் போனாள். இந்தக் கணக்குப் போட லிஃப்ட் மெக்கானிக் வேண்டாம்.

அக்கா மகளைக் கூப்பிட்டேன். இரண்டு முறை மணி அடித்து, துண்டிக்கப்பட்டது. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

"உன் காவல் முடிஞ்சுது. கொஞ்சம் படு" என்றார், ஏதோ பெரிய சலுகை தருபவர்போல.

கரைக்கு இன்னும் பதினெட்டு நாள். படகின் நீளம் முப்பத்தாறு அடி. கோபித்துக்கொண்டு போக வேறு அறை கிடையாது. கீழே இறங்கி, புத்தகத்தில் 'போன் – 9 நிமிடம்' என்று எழுதிவிட்டு, சாய்வுக்கு எதிர்ப்பக்கப் படுக்கையில் போய்ப் படுத்தேன். படகு என்னைத் தரையில் உருட்டித் தள்ளியது. மறுபடி ஏறினேன், மறுபடி தள்ளியது. மூன்றாவது முறை முழங்கைத் தோல் பெயர்ந்து ரத்தம் வந்தது.

பிறகு எழுந்துபோய் பழைய படுக்கையிலேயே படுத்தேன். அவருடைய சூடு அதில் இன்னும் ஆறவில்லை. அக்காவைப்போலச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.